கணவர் கேட்டாலே காப்பகத்தில் அடைப்பார்களா? வரலாற்று நாவலில் இதை நம்பும்படி எழுதுவது எப்படி?

நீலவேணி (கேள்வி)

அனைவருக்கும் வணக்கம். பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்காவின் இல்லினாய் மாநிலத்தைக் களமாகக் கொண்டு ஒரு வரலாற்று நாவல் எழுதி வருகிறேன். கதாநாயகி ஒரு போதகரின் மனைவி. கணவரின் சமயக் கொள்கையோடு முரண்பட்டதற்காக மனநோயாளர் காப்பகத்தில் அடைக்கப்படுகிறாள். பெயரும் குடும்பமும் என் கற்பனை. ஆனால் கதைக்கு அடிப்படை, எலிசபெத் பேக்கார்டு என்ற பெண்மணியின் வாழ்க்கை. 1860 ஜூன் 18 அன்று காலையில் அவருடைய கணவர் தியோஃபிலஸ், இரண்டு மருத்துவர்களையும் ஷெரீப்பையும் அழைத்துக்கொண்டு அவரது அறைக்கு வந்தார். கதவு உள்ளே தாழிடப்பட்டிருந்ததால் கோடரியால் சன்னலை உடைத்துக்கொண்டு நுழைந்தார். மருத்துவர்கள் நாடியைப் பிடித்துப் பார்த்துவிட்டுப் பைத்தியம் என்று சொல்லிவிட்டார்கள். தன் காலால் நடந்து வரமாட்டேன் என்று எலிசபெத் மறுத்ததால் அவரைத் தூக்கிக்கொண்டு போய் ரயிலில் ஏற்றினார்கள். அதன்பின் மூன்று ஆண்டுகள் அவர் ஜாக்சன்வில் அரசுக் காப்பகத்தில் இருந்தார்.

இதைச் சற்றே மாற்றி மூன்றாம் அத்தியாயமாக எழுதினேன். பிரதியைப் படித்த நண்பர்கள் நான் கற்பனையாகச் சேர்த்த அனைத்தையும் ஏற்றுக்கொண்டுவிட்டு, உண்மையில் நடந்த இந்த ஒன்றை மட்டும் நம்ப மறுக்கிறார்கள். "நாடியைப் பார்த்துவிட்டு எந்த மருத்துவராவது பைத்தியம் என்பாரா? அக்கம்பக்கத்தார் வேடிக்கை பார்த்துக்கொண்டா இருப்பார்கள்?" என்று கேட்கிறார்கள். அவர்களைத் திருப்திப்படுத்துவதற்காகக் கணவரைக் கொடூரனாகவும், மருத்துவரைக் காசு வாங்குபவராகவும் மாற்றி எழுதிப் பார்த்தேன். அத்தியாயம் தொலைக்காட்சித் தொடர் போல ஆகிவிட்டது. வில்லன் இல்லாமல் இந்தக் காட்சியை நம்ப வைக்க வழியுண்டா? காப்பகத்தின் உட்புறத்தை எழுதும்போது எதில் கவனம் வைக்க வேண்டும் என்பதையும் அறிந்தவர்கள் சொன்னால் நன்றியுடையவளாவேன்.

ஏட்டுச்சுவடி

நீலவேணி அவர்களுக்கு வணக்கம். நீங்கள் அந்த ஒரு காலைப்பொழுதை மட்டும் காட்டுகிறீர்கள் என்று தோன்றுகிறது. அதைச் சாத்தியமாக்கியது பல ஆண்டுகளுக்கு முன்பே அச்சேறிய ஒரு சட்டம். இல்லினாய் மாநிலத்தின் 1851ஆம் ஆண்டுச் சட்டம், ஒருவரைக் காப்பகத்தில் சேர்ப்பதற்கு மற்றவர்கள் விஷயத்தில் கேட்ட சான்றை மணமான பெண்கள், சிறார்கள் ஆகியோர் விஷயத்தில் மட்டும் கேட்கவில்லை. கணவரோ காப்பாளரோ விண்ணப்பித்து, காப்பகக் கண்காணிப்பாளரும் அவர் மனநோயாளிதான் என்று கருதினால் போதும், சேர்த்துக்கொள்ளலாம். ஆகவே நாடி பிடித்துப் பார்த்தது மருத்துவப் பரிசோதனை அல்ல, ஒரு சடங்கு. முடிவு எப்போதோ ஆகிவிட்டது. அந்தச் சட்டப் பிரிவை முதல் அத்தியாயத்திலேயே, யாரோ ஒருவர் வேறு ஏதோ காரியத்துக்காகப் பேசிக்கொண்டிருக்கும்போது சொல்வதுபோல் கொண்டுவந்துவிடுங்கள். மூன்றாம் அத்தியாயத்தில் கோடரி விழும்போது வாசகர் "எப்படி முடியும்?" என்று கேட்கமாட்டார்.

அடுத்து, மருத்துவர். பேக்கார்டு வழக்கில் சாட்சி சொன்ன பிரவுன் என்ற மருத்துவர், தான் மருத்துவர் என்பதையே மறைத்து, தையல் இயந்திரம் விற்க வந்தவராக அந்த வீட்டுக்கு வந்தவர். எலிசபெத் அவரிடம் சாதாரணமாகப் பேசினார். கணவர் தன்னை அடக்கி ஆள்கிறார் என்றும், தனக்குப் பைத்தியம் என்று ஊரெல்லாம் சொல்லி வருகிறார் என்றும் மனம்விட்டுக் குறைப்பட்டுக்கொண்டார். அந்தக் குறைப்பாடே பின்னர் நோயின் அடையாளமாக நீதிமன்றத்தில் வைக்கப்பட்டது. உங்கள் நாவலில் இப்படியொரு காட்சி இல்லையென்றால் உடனே எழுதிச் சேர்த்துவிடுங்கள். விற்பனையாளரின் முன்னால் உட்கார்ந்து, இயந்திரத்தின் விலையைக் கேட்டுக்கொண்டே தன் வீட்டுக் கவலையையும் சொல்லிக்கொண்டிருக்கும் ஒரு பெண்ணை வாசகர் பார்த்துவிட்டால், பிறகு அந்த மனிதர் லஞ்சம் வாங்க வேண்டிய அவசியமே இல்லை. அவர் தாம் கண்டுபிடித்ததை உண்மையென்று நம்பிக்கொண்டே சாட்சி சொல்லலாம்.

கணவரையும் கொடூரனாக்க வேண்டாம் என்பது என் எண்ணம். தியோஃபிலஸ் கால்வினியக் கொள்கையில் ஊறியவர். மனிதர் பிறவியிலேயே முற்றிலும் கெட்டவர் என்ற போதனையை அவருடைய மனைவியே வேதாகம வகுப்பில், சபையாரின் முன்னிலையில் கேள்வி கேட்டார். போதகரின் வீட்டிலேயே போதனை செல்லாது என்றால் பிழைப்பு என்னாவது? அதைவிட, இந்தத் தாயின் பேச்சைக் கேட்டு வளரும் ஆறு பிள்ளைகளின் ஆன்மா என்னாவது? இப்படி நினைக்கும் ஒருவர் மனைவியைக் காப்பகத்துக்கு அனுப்பிவிட்டு இரவில் நிம்மதியாக செபம் செய்யக்கூடியவர். கைநீட்டி அடிக்கும் கணவரை எழுதுவதைக் காட்டிலும் இவரை எழுதுவது கடினம். ஆனால் உங்கள் நாவல் நிற்பதும் விழுவதும் இவரைப் பொறுத்துத்தான்.

இன்னொன்றையும் நீங்கள் பயன்படுத்தலாம். எலிசபெத் பத்தொன்பது வயதில் நோயுற்றபோது அவருடைய தந்தையே அவரை மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் காப்பகத்தில் சில வாரங்கள் சேர்த்திருந்தார். ஒருமுறை உள்ளே போய் வந்தவர் என்ற பேச்சு இருபது ஆண்டுகளுக்குப் பிறகும் அவரை விடவில்லை. அக்கம்பக்கத்தார் ஏன் வாய் திறக்கவில்லை என்ற கேள்விக்கு ஒரு பாதி விடை இதில் இருக்கிறது.

தெற்குத்தெரு வாசகர்

ஏட்டுச்சுவடி அவர்கள் கூறியதோடு இங்கிலாந்தையும் ஒப்பிட்டுப் பார்ப்பது நல்லது. காகிதம் குறைவாக இருந்ததால்தான் அநியாயம் நடந்தது என்று நினைத்துவிடக் கூடாது. இங்கிலாந்தின் 1845ஆம் ஆண்டுச் சட்டப்படி, பணம் கட்டித் தங்கும் நோயாளி ஒருவரைச் சேர்க்க இரண்டு மருத்துவர்கள் தனித்தனியே பார்த்துச் சான்றளிக்க வேண்டும். உறவினர் போன்ற ஒருவர் கையெழுத்திட்ட உத்தரவும் வேண்டும். மேற்பார்க்க ஆணையர்கள் இருந்தார்கள். இத்தனை வேலி போட்டும் வேலியே பயிரை மேய்ந்தது.

1858 ஜூன் மாதம் ஹெர்ட்ஃபோர்டு தேர்தல் மேடையருகே, அப்போது குடியேற்ற நாடுகளுக்கான அமைச்சராகியிருந்த நாவலாசிரியர் எட்வர்டு புல்வர் லிட்டனை, பல ஆண்டுகளாக அவரைப் பிரிந்து வாழ்ந்த மனைவி ரோசினா கூட்டத்தின் நடுவே நின்று வெளுத்து வாங்கினார். அந்த மாதமே சான்றிதழ்கள் தயாராகி, பிரெண்ட்ஃபோர்டில் இருந்த ஒரு தனியார் விடுதியில் அவர் வைக்கப்பட்டார். அந்த விடுதியின் பொறுப்பாளர் ராபர்ட் கார்டினர் ஹில் என்பதைக் கவனியுங்கள். நோயாளிகளைச் சங்கிலியாலும் வாராலும் கட்டிவைக்கும் வழக்கத்தை லிங்கன் காப்பகத்தில் ஒழித்தவர் என்று பெயர் பெற்றவர் அவர். நல்லவர் ஒருவரின் நல்ல வீட்டில், தோட்டத்தோடு, கௌரவமாக அடைத்து வைக்க முடிந்தது. செய்தித்தாள்கள் கேள்வி கேட்கத் தொடங்கியதும் மூன்று வாரங்களில் ரோசினா வெளியே வந்தார். பட்டமும் பெயரும் பத்திரிகைகளின் கவனமும் இருந்தவருக்கே மூன்று வாரம் பிடித்தது.

இடையே ஒரு செய்தி, உங்கள் நாவலுக்குத் தேவைப்படாது. வெளியே வந்த ரோசினாவைப் பிரான்சுக்கு அழைத்துச் சென்ற மகன் ராபர்ட் லிட்டன்தான் பிற்பாடு இந்தியாவின் வைஸ்ராயாக வந்து, சென்னை மாகாணத்தில் தாது வருஷப் பஞ்சம் தலைவிரித்தாடியபோது ஆட்சியில் இருந்தவர். அந்தக் குடும்பத்தைப் பற்றிப் படிக்கும்போதெல்லாம் எனக்கு இது நினைவுக்கு வந்துவிடுகிறது.

கரிசல்மண்

காப்பகத்தின் உட்புறம் பற்றிக் கேட்டிருந்தீர்கள். சங்கிலி, இருட்டறை, அலறல் ஆகிய மூன்றையும் எவ்வளவு குறைக்கிறீர்களோ அவ்வளவு நல்லது. 1887ஆம் ஆண்டு நியூயார்க்கில் நெல்லி பிளை என்ற இளம் செய்தியாளர் மனநோயாளியாக நடித்துப் பிளாக்வெல் தீவுக் காப்பகத்தில் பத்து நாட்கள் இருந்துவிட்டு எழுதியதைப் படித்தால், மனத்தை உலுக்குபவை மிகச் சிறிய விஷயங்களாகவே இருக்கும். நாற்பத்தைந்து பெண்களுக்கு இரண்டே முரட்டுத் துண்டுகள். ஒருவர் குளித்த தண்ணீரிலேயே அடுத்தவரும் குளிர நடுங்கிக் குளிக்க வேண்டும். காலை ஆறு மணி முதல் இரவு எட்டு மணி வரை நேர்முதுகுப் பலகைகளில், பேசாமல், அசையாமல் உட்கார்ந்திருக்க வேண்டும். படிக்க ஏதும் இல்லை. வெளியுலகச் செய்தியும் இல்லை. நல்ல நிலையில் உள்ள ஒருத்தியை இப்படி இரண்டு மாதம் வைத்திருந்தால் அவளுக்கே புத்தி பேதலித்துவிடும் என்ற பொருளில் அவர் எழுதினார்.

உள்ளே நுழைந்ததுமே நெல்லி நடிப்பை விட்டுவிட்டார். இயல்பாகப் பேச, நடக்கத் தொடங்கியதும், அதையும் நோயின் ஒரு கூறாகவே பார்த்தார்கள். அங்கே அடைபட்டிருந்தவர்களில் ஆங்கிலம் தெரியாத ஜெர்மானியப் பெண் ஒருவர் இருந்தார். தான் ஏன் அங்கே இருக்கிறார் என்பதையே அவரால் கேட்டுத் தெரிந்துகொள்ள முடியவில்லை, மற்றவர்களும் அவர் பேச்சைக் கேட்கவில்லை. உங்கள் கதாநாயகி நன்றாகப் படித்தவள், எழுதத் தெரிந்தவள். அவளுக்குப் பக்கத்துக் கட்டிலில் எழுதத் தெரியாத ஒருத்தியை வையுங்கள்.

நீலவேணி

மூவருக்கும் மிக்க நன்றி. தையல் இயந்திரக் காட்சி என்னிடம் இல்லை, கண்டிப்பாகச் சேர்க்கிறேன். இப்போது எனக்கு வேறொரு சங்கடம். வூஸ்டர் காப்பகத்தில் அவர் இளம்வயதில் இருந்த செய்தியை வேண்டுமென்றேதான் விட்டுவிட்டேன். அதைச் சேர்த்தால், "அப்படியானால் ஏதோ கொஞ்சம் இருந்திருக்கிறது" என்று வாசகர் சந்தேகப்பட்டுவிட மாட்டாரா? அநியாயமாக அடைக்கப்பட்டவள் என்று காட்ட வேண்டுமானால், அவளுடைய மனம் பளிங்கு போலத் தெளிவாக இருந்ததாகக் காட்டுவதுதானே பாதுகாப்பு?

வெண்ணிலா மாடம்

இந்த இடத்தில் நான் உங்களோடு மாறுபடுகிறேன், சகோதரி. இவ்வகைப் புனைவுகளைத் தொடர்ந்து வாசிக்கிறவள் என்ற முறையில் சொல்கிறேன். பெரும்பாலானவற்றில் கதாநாயகி ஒருத்தி மட்டுமே தெளிந்தவள். மற்ற எல்லோரும் தலைவிரி கோலமாக மூலைகளில் முனகிக்கொண்டிருக்கும் அலங்காரப் பொருட்கள். அவளை வெளியே கொண்டுவந்ததும் கதை முடிந்துவிடுகிறது. மற்றவர்கள் அங்கே இருக்க வேண்டியவர்களே என்று நாவலாசிரியரும் கண்காணிப்பாளரோடு சேர்ந்து கையெழுத்துப் போட்டுவிடுகிறார்.

பிரெஞ்சுச் சிற்பி கமீல் குளோதெலை எடுத்துக்கொள்ளுங்கள். அவருக்குப் பக்கத்துணையாக இருந்த தந்தை 1913 மார்ச் 2 அன்று இறந்தார். எட்டாம் நாள், மார்ச் 10 அன்று, குடும்பத்தாரின் விண்ணப்பத்தின் பேரில் ஒரு மருத்துவரின் சான்றோடு பாரீசில் இருந்த அவருடைய சிற்பக்கூடத்திலிருந்து அவரை இழுத்துச் சென்றார்கள். பிரான்சில் 1838ஆம் ஆண்டுச் சட்டம் அதற்கு இடம் கொடுத்தது. அப்போது அவருக்கு வயது 48. அவருக்கு நோயே இல்லை என்று சொல்லிவிட முடியாது. தம்முடைய பழைய ஆசிரியரும் காதலருமான ரோதான் ஆள் வைத்துத் தம்மை விஷம் வைத்துக் கொல்லப் பார்க்கிறார் என்று அவர் உறுதியாக நம்பினார். தாமே செய்த சிற்பங்களை உடைத்தார். காப்பகத்திலும் விஷத்துக்கு அஞ்சி, தோல் உரிக்காத உருளைக்கிழங்கையும் ஓட்டோடு வேகவைத்த முட்டையையுமே சாப்பிட்டார்.

அப்படியிருந்தும் அவருக்கு இழைக்கப்பட்டது அநீதியா, இல்லையா? 1920ஆம் ஆண்டு வாக்கில் மருத்துவரே, இவரைக் குடும்பத்தோடு சேர்த்து வைத்துப் பார்க்கலாம் என்று தாய்க்கு எழுதினார். தாய் சம்மதிக்கவில்லை. 1929இல் இறக்கும்வரை ஒருமுறைகூட மகளைப் பார்க்க வந்ததுமில்லை. பெயர்பெற்ற கவிஞரும் தூதருமான தம்பி பால் எப்போதோ சில முறை வந்து போனார். கமீலுக்கு யார் யார் கடிதம் எழுதலாம் என்பதையும் குடும்பமே தீர்மானித்தது. முப்பது ஆண்டுகள் அடைபட்டிருந்து, அவிஞ்ஞோனுக்கு அருகே மோன்டெவெர்க் காப்பகத்தில் 1943 அக்டோபரில் அவர் இறந்தார். அந்த முப்பது ஆண்டுகளில் அவர் சிற்பம் செய்யவே இல்லை.

உள்ளே அனுப்பிய நாளைவிட, வெளியே விடலாம் என்று மருத்துவர் எழுதிய நாளே எனக்குப் பெரிய நாளாகத் தெரிகிறது. அந்தக் கடிதத்தைக் கையில் வைத்துக்கொண்டு ஒரு தாய் என்ன நினைத்திருப்பாள் என்று எழுதத் துணிந்தால் அதுவே ஒரு நாவல். உங்கள் கதாநாயகிக்கும் ஒரு பழைய நோய், ஒரு பயம், சில இரவுகளின் தூக்கமின்மை இருக்கட்டும். அவளைப் பூட்டி வைத்தது அப்போதும் தவறாகவே இருக்கும். வாசகருக்குச் சந்தேகம் வந்தால் வரட்டும். அந்தச் சந்தேகத்தோடு அவர் ஜாக்சன்வில்லில் முரட்டு நோயாளிகள் இருந்த எட்டாம் வார்டுக்குள் நுழைவதுதான் நல்லது.

ஏட்டுச்சுவடி

வெண்ணிலா மாடம் அவர்கள் எட்டாம் வார்டைக் குறிப்பிட்டதால் இதையும் சொல்லிவிடுகிறேன். ஜாக்சன்வில்லின் கண்காணிப்பாளர் ஆண்ட்ரூ மெக்ஃபார்லண்ட் மதிப்புமிக்க மருத்துவர். தொடக்கத்தில் எலிசபெத்தை ஏழாம் வார்டில் மரியாதையோடு நடத்தினார், அவரோடு நெடுநேரம் விவாதித்தார். நோயாளிகள் நடத்தப்படும் விதத்தைக் கண்டித்து எலிசபெத் அவருக்கு நேரடியாக எழுதிக் கொடுத்ததும், முரட்டு நோயாளிகள் இருந்த எட்டாம் வார்டுக்கு மாற்றப்பட்டார். அங்கே அவர் செய்த முதல் காரியம், வாளியும் சோப்புமாக அந்தப் பெண்களைக் குளிப்பாட்டி, அறைகளைக் கழுவியது. உங்களுக்கு இதைவிட நல்ல அத்தியாயம் கிடைக்காது. மற்ற நோயாளிகளுக்குப் பெயரும் முகமும் கொடுக்க இதுவே வாய்ப்பு.

தெற்குத்தெரு வாசகர்

ஒரு சிறிய எச்சரிக்கை. அடைக்கப்பட்டவர்கள் எல்லோரும் பெண்கள், அடைத்தவர்கள் எல்லோரும் கணவர்கள் என்ற எண்ணம் வரும்படி முன்னுரையில் எழுதிவிடாதீர்கள். ரோசினா அடைக்கப்பட்ட அதே 1858ஆம் ஆண்டில் இங்கிலாந்தைக் கலக்கிய வழக்குகளில் ஒன்று, மனைவியின் விண்ணப்பத்தால் அடைக்கப்பட்ட லாரன்ஸ் ரக் என்ற கனவானுடையது. பெண்களுக்கு இருந்த தனிக் கேடு, வெளியே வந்த பிறகும் கையில் சொத்தோ பிள்ளைகளோ இல்லாமல் போனது.

நீலவேணி

வூஸ்டரைச் சேர்த்துவிடுகிறேன், நீங்கள் சொன்ன பிறகு அதை மறைப்பது எனக்கே பிடிக்கவில்லை. நாவலை நீதிமன்றத் தீர்ப்போடு முடிக்கத் திட்டமிட்டிருந்தேன். 1864 ஜனவரியில் கான்ககீ நீதிமன்றத்தில் ஐந்து நாள் விசாரணை, ஏழே நிமிடத்தில் ஜூரிகளின் முடிவு, கூடியிருந்தோரின் ஆரவாரம் என்று முடித்தால் நிறைவாக இருக்கும் என்று நினைத்தேன். தெற்குத்தெரு வாசகர் சொல்வதைப் பார்த்தால் அது பொருந்தாதோ என்று இப்போது தோன்றுகிறது.

ஏட்டுச்சுவடி

பொருந்தாது. முதலில், அந்த விசாரணை எப்படி வந்தது என்பதைப் பாருங்கள். 1863இல் காப்பகம் அவரைக் குணப்படுத்த முடியாதவர் என்று சொல்லி வெளியே விட்டது. வீட்டுக்கு வந்தவரைக் கணவர் குழந்தைகளின் அறையில் பூட்டி, சன்னலை ஆணியடித்து மூடினார். மாசசூசெட்ஸில் வேறொரு காப்பகத்தில் சேர்ப்பதற்கும் ஏற்பாடு நடந்தது. சன்னல் வழியே ஒரு கடிதம் தோழியின் கைக்குப் போய்ச் சேர, ஆட்கொணர்வு மனு போடப்பட்டது. மனைவியைக் காப்பகத்துக்கு அனுப்பக் கணவருக்கு இருந்த உரிமை, சொந்த வீட்டில் பூட்டிவைக்க அவருக்கு இல்லை. அந்த இடுக்கில் நுழைந்துதான் வழக்கு நீதிபதி சார்லஸ் ஸ்டாரின் முன் வந்தது. எலிசபெத் காப்பகத்திலேயே இருந்திருந்தால் அந்த விசாரணையே நடந்திருக்காது. சாட்சிகளில் டங்கன்சன் என்ற மருத்துவரை விட்டுவிடாதீர்கள். அவர் இறையியலும் படித்தவர். எலிசபெத்தின் கருத்துகள் பலவற்றைத் தாம் ஏற்கவில்லை என்றும், தம்மோடு கருத்து மாறுபடுகிறார் என்பதற்காக ஒருவரைப் பைத்தியம் என்று தாம் சொல்வதில்லை என்றும் சாட்சி கூறினார்.

தீர்ப்பு சாதகமாக வந்தது. ஆனால் எலிசபெத் வீட்டுக்குப் போனால் அங்கே வேறு யாரோ குடியிருந்தார்கள். கணவர் பிள்ளைகளையும், மனைவியின் உடைகளையும் பணத்தையும் எடுத்துக்கொண்டு மாசசூசெட்ஸ் போய்விட்டார். அதைத் தடுக்க அன்றைய சட்டத்தில் மணமான பெண்ணுக்கு இடமில்லை. பிறகு எலிசபெத் தாம் எழுதிய புத்தகங்களை ஊர் ஊராகச் சென்று விற்று வாழ்ந்தார், சட்டமன்றங்களின் வாசலில் நின்றார். 1867இல் இல்லினாய் மாநிலம், ஜூரி விசாரணையில்லாமல் யாரையும் காப்பகத்தில் அடைக்கக் கூடாது என்று சட்டம் இயற்றியது. இளைய பிள்ளைகள் அவரிடம் வந்து சேர 1869 ஆயிற்று. கணவரை அவர் கடைசிவரை விவாகரத்து செய்யவும் இல்லை.

ஆகவே தீர்ப்பை நாவலின் பாதியில் வைத்துவிட்டு, இரண்டாம் பாகத்தைப் புத்தக மூட்டையோடு தொடங்குங்கள். மூன்றாம் அத்தியாயத்தைத் திருத்தியதும் இங்கேயே பதிவிடுங்கள். சட்ட விவரங்கள் பொருந்துகின்றனவா என்று பார்த்துச் சொல்கிறேன்.